மைனஸ் 50 டிகிரியில் ஒரு ஜன்னல்!

வீட்டு ஃப்ரீஸருக்குள் இருக்கும் குளிர் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். கறியும் மீனும் கல்லாகிப்போக அதுவே போதும். ஆனால், ரஷ்யாவின் யாகுட்ஸ்க் நகரத்தில் ஜனவரி மாதம் தெர்மாமீட்டர் மைனஸ் 18 காட்டினால், 'இன்று என்ன இவ்வளவு கதகதப்பு?' என்று ஊரே ஆச்சர்யப்படும். அங்கே ஜனவரியின் சராசரிக் குளிரே மைனஸ் 40 டிகிரியை நெருங்கும். பல நாள்கள் மைனஸ் 50-ஐத் தொட்டுவிட்டு வரும். 1891-ம் ஆண்டு பிப்ரவரியில் மைனஸ் 64.4 டிகிரி வரை இறங்கியது.

கிழக்கு சைபீரியாவில், லேனா நதிக்கரையில் இருக்கிறது யாகுட்ஸ்க். சாகா குடியரசின் தலைநகரம். 1632-ல் ஒரு சிறிய மரக்கோட்டையாகத் தொடங்கிய ஊரில், இன்று மூன்று லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழ்கிறார்கள். பள்ளி, பல்கலைக்கழகம், நாடக அரங்கம், காய்கறிக் கடை எல்லாமே உண்டு. மீன் சந்தையில் ஐஸ் பெட்டியே தேவையில்லை. விறகுக்கட்டைபோல விறைத்த மீன்களைப் பெட்டிக்குள் நிறுத்திவைத்து விற்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் வீட்டுக்குள் குழந்தைகள் அரைக்கைச் சட்டையோடு விளையாடுகிறார்கள் என்றால் நம்ப முடிகிறதா? உள்ளே 20, 22 டிகிரி. வெளியே மைனஸ் 45. இரண்டுக்கும் இடையே 65 டிகிரிக்கு மேல் வித்தியாசம். சுவர் என்றால் தடிமனாகக் கட்டிவிடலாம். ஆனால், ஜன்னல்? சில மில்லிமீட்டர் கண்ணாடிதானே! அது எப்படித் தாங்குகிறது?

ஏரியிலிருந்து வந்த ஜன்னல்

யாகுட்ஸ்க் வட்டாரத்தின் பூர்வகுடிகள் சாகா மக்கள். வெளியுலகம் இவர்களை யாகுட் என்று அழைத்தது. கண்ணாடி என்பது எளிதில் கிடைக்காத காலத்தில், இவர்கள் ஜன்னலுக்குப் பயன்படுத்தியது பனிக்கட்டியை!

சாகா மக்களின் பழைய குளிர்கால வீட்டுக்கு 'பலகான்' என்று பெயர். மரக்கட்டைகளைச் சற்றுச் சாய்வாக நட்டு, வெளிப்புறம் முழுவதும் களிமண்ணும் மாட்டுச் சாணமும் குழைத்துப் பூசிவிடுவார்கள். ஒவ்வோர் ஆண்டும் குளிர் தொடங்கும் முன் புதிதாக ஒரு பூச்சு. வீட்டுக்குள் களிமண் பூசிய கணப்பு எரியும். பக்கத்திலேயே மாட்டுத் தொழுவம். அந்த வீட்டின் ஜன்னல்கள் மிகச் சிறியவை.

இலையுதிர் காலத்தில் ஏரி உறையத் தொடங்கியதும், தெளிவான இடமாகப் பார்த்து பனிப்பாளத்தை அறுத்து எடுப்பார்கள். ஜன்னல் திறப்பின் அளவுக்குச் செதுக்கி, வெளிப்பக்கமாகப் பொருத்துவார்கள். இடைவெளியில் பனியையும் தண்ணீரையும் குழைத்துப் பூசினால் போதும். சில நிமிடங்களில் அது உறைந்து, பாளமும் சுவரும் ஒன்றாகிவிடும். ஆணி வேண்டாம், பசை வேண்டாம்.

'உள்ளே நெருப்பு எரிந்தால் பனிக்கட்டி உருகிவிடாதா?' என்று கேட்கத் தோன்றும். உருகாது. ஒரு ஜாண் தடிமனுக்குச் சற்றுக் குறைவான பாளம் என்று வைத்துக்கொள்வோம். வெளியே மைனஸ் 40, உள்ளே 20 டிகிரி என்றால்கூட, அந்தப் பாளத்தின் உள்பக்கமே மைனஸ் 10-க்குக் கீழேதான் இருக்கும். வெளியிலிருக்கும் குளிர், உள்ளே இருக்கும் நெருப்பை ஜெயித்துக்கொண்டே இருக்கும். இன்னோர் ஆச்சர்யமும் உண்டு. அவ்வளவு தடித்த பனிப்பாளம், 4 மில்லிமீட்டர் ஒற்றைக் கண்ணாடியைவிடக் குறைவாகவே வீட்டின் சூட்டை வெளியே விடும். சந்துபொந்து இல்லாமல் ஒட்டிக்கொள்வதால், காற்றும் உள்ளே புகாது.

வீட்டுக்குள் இருப்பவர்களின் மூச்சுக்காற்றும் சமையல் ஆவியும் அந்தப் பாளத்தில் வெண்பனியாகப் படியும். அதைச் சுரண்டி எடுத்தால்தான் உள்ளே வெளிச்சம். டிசம்பரில் பகல் பொழுதே ஐந்து மணி நேரம்தான் என்கிற ஊரில், அந்த வெளிச்சத்தின் மதிப்பைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இன்றைக்கும் யாகுட்டியாவின் கிராமங்களில், குளிர் தொடங்கும்போது ஏரிப் பனியை அறுத்து வீட்டுவாசலில் அடுக்கிவைக்கிறார்கள், குடிநீருக்காக. வேண்டும்போது ஒரு கட்டியை உள்ளே எடுத்துப்போய் உருக்கிக்கொள்கிறார்கள். அன்று ஜன்னலானதும், இன்று தேநீராவதும் அதே ஏரிதான்.

இரண்டு சட்டம், நடுவில் பஞ்சு

கோடையில் பனி ஜன்னல் நிற்காதே! அப்போது பிர்ச் மரப்பட்டையில் சட்டம் செய்து, மாட்டின் சிறுநீர்ப்பை, மீன்தோல், மைக்கா தகடு என்று கிடைத்ததைப் பொருத்தினார்கள். ஏடு ஏடாக உரியும் மைக்காவுக்கு ரஷ்யாவில் பெரிய வரலாறு உண்டு. மேற்கு ஐரோப்பியர்கள் அதை 'மஸ்கோவி கண்ணாடி' என்றார்கள். மைக்காவின் ஒரு வகைக்கு 'மஸ்கோவைட்' என்று பெயர் வந்தது அப்படித்தான். லேனாவின் கிளைநதியான வித்தீம் ஆற்றங்கரையிலும் மைக்கா வெட்டி எடுத்தார்கள்.

பிறகு கண்ணாடி பரவலானது. ஒற்றைக் கண்ணாடி போதாது என்பதும் உடனே புரிந்தது. ஒரே ஜன்னலில் முன்னும் பின்னுமாக இரண்டு மரச்சட்டங்கள் வந்தன. குளிர் மிகுந்த ஊர்களில் மூன்றாவது கண்ணாடியும் சேர்ந்தது.

சோவியத் காலத்து வீடுகளில், அக்டோபருக்குள் முடித்தாகவேண்டிய குடும்ப வேலை ஒன்று இருந்தது. ஜன்னலுக்குக் குளிர்கால உடுப்பு போடும் வேலை! சட்டத்தின் விளிம்புகளில் பஞ்சைத் திணிப்பார்கள். அதன்மேல் நீளமான காகிதப் பட்டைகளைச் சலவை சோப்பு தடவியோ, மாவுப் பசை தடவியோ ஒட்டுவார்கள். இரண்டு சட்டங்களுக்கும் நடுவிலிருக்கும் இடைவெளியிலும் பஞ்சை மெத்தைபோலப் பரப்புவார்கள். சிலர் அதன்மேல் சிவப்பு நிற ரோவன் பழங்களை அழகுக்கு வைப்பார்கள். ஈரத்தை உறிஞ்ச உப்போ கரித்துண்டோ வைப்பதும் உண்டு. அம்மா பசை காய்ச்ச, பிள்ளைகள் காகிதம் கத்தரிக்க, ஒரு நாள் முழுக்க அந்த வேலை நடக்கும்.

இப்படி எல்லாவற்றையும் ஒட்டி அடைத்தாலும், ஒன்றை மட்டும் திறக்கும்படி விட்டுவைத்தார்கள். ஜன்னலின் மேல்மூலையில் இருக்கும் சின்னக் கதவு. ரஷ்ய மொழியில் 'ஃபோர்தோச்கா'. புத்தகம் அளவைவிடக் கொஞ்சம் பெரியது. அதைத் திறந்து, வலைப்பையில் இறைச்சியைக் கட்டி வெளியே தொங்கவிட்டால், இலவச ஃப்ரீஸர். ஆனால், ஃபோர்தோச்காவின் முக்கியமான வேலை வேறு. அதைப் பிறகு பார்க்கலாம்.

கண்ணாடிக்கு வியர்ப்பது ஏன்?

கண்ணாடி வெப்பத்தைத் தடுக்கும் பொருளே இல்லை. ஜன்னலில் குளிரைத் தடுப்பது, கண்ணாடிகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. கம்பளிப் போர்வையும் இதே வேலையைத்தான் செய்கிறது. நூலிழைகளுக்கு நடுவே காற்றைப் பிடித்துவைக்கிறது. ஜன்னலில் கண்ணாடிதான் நூலிழை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெளியே மைனஸ் 40, உள்ளே 20 டிகிரி. ஒற்றைக் கண்ணாடி என்றால், அதன் உள்பக்கம் சுமார் மைனஸ் 25 டிகிரியில் இருக்கும். கை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். சாதாரண இரட்டைக் கண்ணாடி என்றால், சுமார் மைனஸ் 2. அப்போதும் பனி படியும். நவீன மூன்றடுக்குக் கண்ணாடி என்றால், சுமார் 14 டிகிரி. கன்னத்தை வைத்துச் சாய்ந்துகொள்ளலாம்.

இந்த எண்கள் ஏன் முக்கியம்? வீட்டுக்குள் காற்றின் ஈரப்பதம் 30 சதவிகிதம் என்று கொள்வோம். அப்போது 2 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளின்மேலும் நீர் கோத்துக்கொள்ளும். கண்ணாடி பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால், நீர் பனியாகும். பகலில் சற்று இளகி, மரச்சட்டத்தில் வழியும். சட்டம் ஊறும், உளுத்துப்போகும். சுவரோரம் பூஞ்சை பிடிக்கும். ஆக, கண்ணாடியின் உள்பக்கம் சூடாக இருப்பது சொகுசுக்காக மட்டுமில்லை. வீட்டின் ஆயுள் அதில்தான் இருக்கிறது.

பழைய கண்ணாடியில் படிந்த பனிக்கு ஓர் அழகும் இருந்தது. இறகுபோல, ஓலைபோலக் கோலமிட்டு நிற்கும். பிள்ளைகள் ஒரு நாணயத்தைக் கையில் வைத்துச் சூடாக்கி, அந்தக் கோலத்தில் அழுத்தி, வட்டமாக ஓர் ஓட்டை செய்து வெளியே எட்டிப்பார்ப்பார்கள். மூன்றடுக்குக் கண்ணாடி வந்த பிறகு, அந்தக் கோலத்தைப் பார்க்கப் பழைய பேருந்தில்தான் ஏற வேண்டும்.

மூன்று கண்ணாடி, ஒரு துளி வெள்ளி

அமெரிக்காவைச் சேர்ந்த தாமஸ் ஸ்டெட்சன் என்பவர், இரண்டு கண்ணாடிகளை ஓரத்தில் ஒட்டி, நடுவில் காற்றை அடைத்துவைக்கும் யோசனைக்கு 1865-ல் காப்புரிமை பெற்றார். இன்றைய ஜன்னல்களின் மூதாதை அதுதான்.

இப்போது யாகுட்ஸ்க் குடியிருப்புகளில் பொருத்தப்படும் நல்ல ஜன்னலைப் பிரித்துப் பார்த்தால், மூன்று கண்ணாடிகள், இரண்டு இடைவெளிகள். ஒவ்வோர் இடைவெளியும் 12 முதல் 16 மில்லிமீட்டர். இதைவிடக் குறுகினால் தடுப்பு குறையும். அதிகமாக அகன்றால், உள்ளே இருக்கும் காற்று சுழல ஆரம்பித்துச் சூட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும். சாதாரணக் காற்றுக்குப் பதில் ஆர்கான் வாயுவையும் நிரப்புவதுண்டு. அது காற்றைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும்.

கண்ணாடியின் ஒரு பக்கத்தில் கண்ணுக்கே தெரியாத வெள்ளிப் பூச்சு இருக்கும். 'லோ-இ' பூச்சு என்கிறார்கள். தலைமுடியின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான். வெளிச்சத்தை உள்ளே விடும். ஆனால், ரேடியேட்டரும் சுவரும் மனித உடலும் வெளியிடும் வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பிவிடும். ஓரத்துச் சட்டத்துக்குள் ஈரத்தை உறிஞ்சும் மணிகள் இருக்கும். அன்று பாட்டிமார்கள் உப்பு வைத்த அதே இடம்!

சிக்கல்களும் உண்டு. கடுங்குளிரில் வாயு சுருங்கும். மூடி ஒட்டப்பட்ட கண்ணாடிகள் உள்பக்கமாகக் குழியும். நடுப்பகுதியில் இடைவெளி குறையும். அளவு சரியில்லாத ஜன்னல் என்றால், மிகக் கடுமையான நாள்களில் கண்ணாடிகள் ஒன்றையொன்று நெருங்கி, நடுவில் வட்டமாகப் பனி படியும். பிளாஸ்டிக் சட்டமும் சும்மா இருக்காது. வெளிப்பக்கம் குளிரில் சுருங்க, உள்பக்கம் சூட்டில் அப்படியே இருக்க, சட்டம் வில்போல வளையப் பார்க்கும். அதனால்தான் உள்ளே இரும்பு வலுவூட்டல். ரப்பர் பட்டைகளும் குளிரில் விறைக்காத ரகமாக இருக்க வேண்டும். மூன்று 4 மில்லிமீட்டர் கண்ணாடிகள் சேர்ந்தால், ஒரு சதுர மீட்டருக்கே 30 கிலோ எடை. கீல் பலமாக இல்லாவிட்டால் கதவு தொங்கிவிடும். தொங்கினால் சந்து விழும். மைனஸ் 45-ல் ஒரு சிறு சந்துகூட, ஒரே இரவில் ஜன்னல்மேடையில் பனிக்கட்டியை வளர்த்துவிடும்.

ரேடியேட்டர் ஏன் ஜன்னலுக்குக் கீழே?

ரஷ்ய வீடுகளில் எந்த அறைக்குப் போனாலும், சூடு தரும் ரேடியேட்டர் ஜன்னலுக்குக் கீழேதான் இருக்கும். 'வெளியே போகும் வழியில் போய்ச் சூட்டை வைப்பார்களா?' என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது. கண்ணாடியை ஒட்டியிருக்கும் காற்று குளிர்ந்து கனமாகி, அருவிபோலக் கீழே இறங்கும். தடுக்காவிட்டால், அது தரையோடு ஊர்ந்து காலைக் கடிக்கும். ரேடியேட்டரிலிருந்து எழும் சூடான காற்று அதை நேருக்குநேர் மறித்து, மேலே தூக்கிவிடுகிறது. தாழ்வாக இறங்கும் கனத்த திரைச்சீலையை ரேடியேட்டரின் மேல் தொங்கவிட்டால், இந்த வேலை கெடும்.

அந்தச் சூடு, நகரின் மின் நிலையங்களிலிருந்தும் கொதிகலன் கூடங்களிலிருந்தும் குழாய் வழியாக வருகிறது. செப்டம்பரில் தொடங்கினால் மே மாதம் வரை ஓயாது. நடுக்குளிரில் அது நின்றுபோனால், அது வெறும் அசௌகரியம் இல்லை. குழாய்களில் நீர் உறைந்து வெடிக்கும். வீடு சில மணி நேரத்திலேயே சில்லிடத் தொடங்கும். ஆள்கள் வந்து பழுது பார்க்கும்வரை குடும்பத்துக்குக் கிடைக்கும் அவகாசம் எவ்வளவு என்பதைச் சுவரும் ஜன்னலும்தான் தீர்மானிக்கும். அந்த நேரத்தில் கையில் கிடைத்த கம்பளி, போர்வை எல்லாம் முதலில் போவது ஜன்னலுக்குத்தான்.

மூடினால் மட்டும் போதாது

பிளாஸ்டிக் சட்டமும் மூன்றடுக்குக் கண்ணாடியும் வந்ததும், பஞ்சு அடைக்கும் வேலை ஒழிந்தது. மக்களுக்கு நிம்மதி. ஆனால், புதிய தலைவலி ஒன்று தொடங்கியது.

பழைய மரச்சட்டம் எவ்வளவு அடைத்தாலும் கொஞ்சம் மூச்சுவிடும். அந்தச் சிறுகசிவை நம்பியே பழைய அடுக்குமாடிகளின் காற்றோட்டம் அமைந்திருந்தது. சமையலறையிலும் குளியலறையிலும் இருக்கும் புகைபோக்கி வழியாகக் கெட்ட காற்று மேலே போகும். ஜன்னல் இடுக்கு வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். புது ஜன்னல் அந்த வழியை அடைத்துவிட்டது. துணி காயும் ஈரமும், சமையல் ஆவியும், நான்கு பேரின் மூச்சும் வெளியே போக வழியில்லை. கண்ணாடி ஓரத்தில் நீர் கோத்தது. மூலைகளில் பூஞ்சை வந்தது. காலையில் எழுந்தால் தலைபாரம்.

இங்கேதான் ஃபோர்தோச்காவின் அருமை தெரிகிறது. மைனஸ் 40-ல் வெளியே இருக்கும் காற்றில், ஒரு கன மீட்டருக்கு 0.1 கிராம் அளவுக்குத்தான் நீராவி இருக்க முடியும். 20 டிகிரியில் இருக்கும் காற்று 17 கிராம் வரை தாங்கும். அதனால், சில நிமிடம் திறந்தாலே போதும். காய்ந்த காற்று உள்ளே வந்து ஈரத்தை வாங்கிக்கொள்ளும். திறந்த நொடியில், வெளிக்காற்று வெள்ளைப் புகையாகச் சுருண்டு உள்ளே இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். உண்மையில் அது வீட்டுக்குள் இருந்த ஈரம்தான். குளிர்ந்த காற்று பட்டதும் மூடுபனியாகிறது.

நாள் முழுக்கத் துளியாகத் திறந்துவைப்பதைவிட, சில நிமிடம் அகலத் திறந்து சட்டென மூடுவது நல்லது. சுவரும் மேசையும் கட்டிலும் அதற்குள் ஆறிவிடாது. காற்று மட்டும் மாறும். துளியாகத் திறந்தே வைத்தால், அந்த விளிம்பில் பனி வளர்ந்து, பிறகு கதவை மூடவே முடியாமல் போகும். இப்போது சுவரிலேயே சிறு காற்றுவழி பதிப்பவர்களும் இருக்கிறார்கள்.

கண்ணாடிக்கு ஒரு தம்பி

வீட்டு ஜன்னலில் கற்ற பாடத்தை யாகுட்ஸ்க் மக்கள் காருக்கும் கொண்டுபோனார்கள். குளிர்காலத்தில் காரின் பக்கவாட்டுக் கண்ணாடிகளின் மேல் இன்னொரு கண்ணாடியை ஒட்டிவிடுகிறார்கள். நடுவில் மெல்லிய காற்றடுக்கு. இல்லையென்றால், ஓட்டுநரின் மூச்சே பனியாகப் படிந்து பார்வையை மறைத்துவிடும். மைனஸ் 40-க்குக் கீழே போனால் ஊர்மேல் அடர்ந்த மூடுபனி கவிந்துவிடும். வண்டிப் புகை, கொதிகலன் ஆவி, மனிதர்களின் மூச்சு எல்லாம் கலந்த பனி அது. சில மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. அந்த நேரத்தில் சுத்தமான கண்ணாடி உயிர் காக்கும்.

ஜன்னல் சொல்லும் எச்சரிக்கை

இவ்வளவு பாடுபட்டு வீட்டுக்குள் சேர்க்கும் சூடு, ஒரு பக்கம் மட்டும் போகவே கூடாது. அது வீட்டுக்கு அடியில்! யாகுட்ஸ்க் நிற்பது, ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் நிலத்தின் மேல். 1828 முதல் சுமார் எட்டு ஆண்டுகள், ஷெர்கின் என்பவரின் முயற்சியில் அங்கே ஒரு கிணறு தோண்டப்பட்டது. 116 மீட்டர் ஆழம் போன பிறகும் உறைந்த மண்தான் வந்தது.

அந்த நிலம் உறைந்திருக்கும்வரை பாறைபோலத் தாங்கும். இளகினால் சேறு. அதனால்தான் அடுக்குமாடிகளைக் கான்கிரீட் தூண்களின் மேல் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். கீழே குளிர்காற்று புகுந்து போகும். வீட்டின் சூடு மண்ணைத் தொடாது.

பூமி சூடேறும் இந்தக் காலத்தில், அந்த உறைநிலம் ஆங்காங்கே இளகத் தொடங்கியிருக்கிறது. ஒரு தூண் சற்று இறங்கினாலும் கட்டடம் கோணும். அதை முதலில் காட்டிக்கொடுப்பவற்றில் ஒன்று ஜன்னல். நேற்றுவரை சுலபமாக மூடிய கதவு இறுகும். சட்டத்தின் மூலையிலிருந்து சுவரில் விரிசல் ஓடும். குளிரைத் தடுக்கத்தான் இவ்வளவு உழைப்பும் என்ற ஊரில், குளிர் குறைவதும் ஆபத்தாகிவிட்டது.

மே மாதத்தில் திறக்கும் கதவு

மே மாதத்தின் பிற்பாதியில் லேனா நதியின் பனி உடைந்து, பாளம் பாளமாக வடக்கே நகரும். அந்தக் காலத்தில் ஜன்னலின் காகிதப் பட்டைகளைக் கிழித்தெடுத்து, பஞ்சை உருவி, கண்ணாடிகளைக் கழுவும் நாள்கள் அவை. பல மாதம் மூடிக்கிடந்த பெரிய கதவுகள் கிறீச்சிட்டுத் திறக்கும்.

ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். 2011-ம் ஆண்டு ஜூலையில் இதே ஊரில் வெப்பம் 38 டிகிரியைத் தாண்டியது. மைனஸ் 50-ஐத் தாங்கிய அதே ஜன்னல்களில், கொசுவலையும் தூக்கத்துக்காகக் கறுப்புத் திரையும் ஏறும். செப்டம்பரில் முதல் பனி விழும்வரை, யாகுட்ஸ்க் மக்கள் ஜன்னலைத் திறந்துவைத்தே தூங்குவார்கள்.